கணப்பும் காய்ந்த விறகும்

திறந்த கணப்பில் எரியும் நெருப்பு கண்ணுக்கு விருந்து; அறைக்கு அதனால் விளையும் பயனோ மிகச் சிறிது. விறகு ஈனும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அறையில் தங்குகிறது. எஞ்சியது புகைபோக்கி வழியே வெளியேறுகையில் அறையின் வெதுவெதுப்பான காற்றையும் உடன் இழுத்துச் செல்கிறது. அவ்விடத்தை நிரப்பக் கதவிடுக்குகள் வழியே பனிக்காற்று உள்ளே நுழைகிறது. முகம் காய, முதுகு குளிர அமர்ந்திருப்பதே இதன் விளைவு.

18ஆம் நூற்றாண்டுச் சுவீடனில் இவ்விழப்பு நாட்டின் கவலையாகவே வளர்ந்தது. வீடுகளும் இரும்பாலைகளும் காட்டு மரங்களை ஓயாமல் வேண்டி நின்றன. விறகைச் சிக்கனப்படுத்தும் கணப்பொன்றை உருவாக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞர் கார்ல் யூஹான் குரூன்ஸ்டெட்டிடம் வந்தது. அவர் ஃபேபியன் விரேடேயுடன் இணைந்து 1767இல் அதற்கு விடை கண்டார். அவர்கள் அமைத்த கணப்பில் அனற்புகை நேரே வெளியேறாது. செங்கற் கட்டுமானத்துள் செல்லும் வழிகளில் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறியே புகைபோக்கியை அடையும். அந்நெடுவழியில் தன் வெப்பத்தைச் செங்கல்லுக்கு ஈந்துவிடும். காலையில் ஓரிரு மணி நேரம் விறகை முழுவீச்சில் எரித்தால் போதும். நெருப்பு தணிந்த பின்னும், வழவழப்பான ஓடுகள் பதித்த அதன் புறம் பல மணி நேரம் இதமான வெம்மையைப் பரப்பும். இவ்வமைப்பின் நுட்பம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

நாள்தோறும் வாழும் வீட்டுக்கு இத்தகைய கனத்த கணப்பே ஏற்றது. அதன் எடையைத் தாங்கும் அடித்தளம் வேண்டும். எப்போதேனும் சென்று தங்கும் குடிலுக்கு, விரைந்து சூடேறும் இரும்புக் கணப்பு போதும்.

எத்தகைய கணப்பாயினும் ஈர விறகு அதனைப் பாழாக்கும். அன்று வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராக இருக்கலாம். அந்நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தைப் பலரும் பெரிதாகச் சொல்வர்; உண்மையில் அதனினும் பெரிய இழப்பு வேறு. விறகு சூடேறும்போது அதன் பெரும்பகுதி முதலில் வளியாகவே பிரிகிறது. அவ்வளி முற்றும் எரிய 600 பாகை செல்சியசு அளவிலான வெம்மை வேண்டும். ஈரம் அனலைத் தணித்துவிட்டால் வளி எரியாமலே புகையாகிப் போகும். போகும் வழியில் புகைபோக்கியின் உட்சுவரில் கரிய பிசினாகப் படியும். அப்படிவு என்றேனும் தீப்பற்றினால் கூரையே எரியக்கூடும்.

ஆகவே விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். சுவீடனில் பெரிதும் எரிக்கப்படும் பூர்ச்ச மரத்தின் வெண்பட்டை நீரை விடாது. பிளக்காமல் அடுக்கினால் உள்ளேயே உளுத்துப்போகும். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு ஒரு கோடை முழுதும் உலர்த்துவர். கருவாலிக்கு இரண்டு ஆண்டுகளேனும் வேண்டும். நன்கு உலர்ந்த துண்டின் முனைகளில் விரிசல் ஓடியிருக்கும். இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிக்கும்.

இறுதியாக ஒன்று. தேக்கிய வெப்பம் வீணாகாதிருக்கப் புகைவழியின் அடைப்பை மூடுவது வழக்கம். தணலின் மேல் நீலச்சுடர் தவழும்போது அதனை மூடலாகாது. அச்சுடர் கார்பன் மோனாக்சைடு எரிவதன் அடையாளம்; மணமோ நிறமோ இல்லாத அந்நஞ்சு அறைக்குள் திரும்பினால் உறங்குவோர் அறியார். சுடர் அடங்கிய பின்னும் செந்தணலிலிருந்து அது கசியும். தணல் முற்றும் அணைந்த பின்னரே மூட வேண்டும். அந்நஞ்சை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியொன்றும் அவ்வறையில் இருத்தல் வேண்டும்.