காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: அது சொல்வதும் சொல்லாததும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். திரையில் எரர் மெசேஜ் வந்தால் பதறிப் போகிறார்கள். எதுவும் வராவிட்டால் எல்லாம் நலம் என்று இருந்துவிடுகிறார்கள். பேக்கப் எடுக்காத ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்று போகும்போதுதான், மெசேஜ் வராததும் கோளாறு இல்லாததும் ஒன்றில்லை என்று தெரிகிறது. எனக்கு இது தெரிந்தது கார் ஓட்டும்போது.

2021-ல் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். 2014 மாடல். ஓடியிருந்தது 31,000 கிலோமீட்டர்தான். 2022 மே மாதம் மனைவியையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினேன். முதல் நாள் இரவே, ஆன்லைனில் வாங்கிய புளூடூத் ஸ்கேனரைக் காரில் செருகி, போன் மூலம் சோதித்துப் பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது. டாஷ்போர்டிலும் எந்த விளக்கும் எரியவில்லை. சாப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, உச்சி வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்க இடது டயர் வெடித்தது. கார் இரண்டு பக்கமும் ஆடியது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கை மிதிக்காமல் இருந்தது தெரிந்து செய்ததில்லை. பயத்தில் கால் நகரவில்லை. அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் கார் சுழன்றிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா பின் சீட்டிலிருந்து முருகனைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்தால், ஸ்டெப்னியில் பாதிக் காற்றுகூட இல்லை. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் டூ வீலரில் வந்து உதவினார். கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பட்டன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வயசுதான் போயிருச்சு." டயரின் பக்கவாட்டில் 4813 என்று இருந்த எண்ணைக் காட்டினார். 2013-ஆம் ஆண்டின் 48-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். எட்டு ஆண்டுகள் தாண்டிய ரப்பர். இது என் ஸ்கேனருக்கும் தெரியாது, காரின் கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

காரின் கம்ப்யூட்டருக்கு என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது என்று பார்ப்போம்.

காருக்குள் ஒரு நெட்வொர்க்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் வாசலில் ஒரு காரும் வைத்திருப்பவர்கள் உண்மையில் பல கம்ப்யூட்டர்களுக்குச் சொந்தக்காரர்கள். எஞ்சினைக் கவனிக்க ஈ.சி.யு. என்ற ஒரு பெட்டி இருக்கிறது. எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும், ஸ்பார்க் பிளக் எந்த நொடியில் பொறி விட வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். ஏ.பி.எஸ். பிரேக்கிற்கு ஒன்று, ஏர்பேக்கிற்கு ஒன்று என மற்ற வேலைகளுக்கும் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. ஆபீசில் கம்ப்யூட்டர்களை லேன் கேபிளால் இணைப்பது போல, இவற்றை முறுக்கிய இரண்டு ஒயர்களால் இணைத்திருக்கிறார்கள். இந்த முறைக்கு கேன் பஸ் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடிகள் எரிந்து அணைகின்றன அல்லவா? உங்கள் பி.சி. பூட் ஆகும்போது பயாஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது போன்றதுதான் இதுவும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சில நொடிகளைத் தவற விட வேண்டாம். ஏர்பேக் விளக்கோ எஞ்சின் விளக்கோ அப்போதும் எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். மானிட்டரை அணைத்துவிட்டு எரர் மெசேஜ் இல்லை என்று சொல்வது போன்ற வேலை!

விளக்குகளின் நிறம் முக்கியம். பச்சையும் நீலமும் வெறும் தகவல். மஞ்சள் என்றால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சிவப்பு என்றால் பத்திரமான இடம் பார்த்து நிறுத்துங்கள்.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. அது சைலன்சர் குழாயில் உள்ள கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, விலை உயர்ந்த அந்தப் பாகத்தைப் பாழாக்கிவிடும். உடனே வேகத்தைக் குறையுங்கள்.

அலாவுதீன் விளக்கு போன்ற சிவப்புப் படத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆயில் குறைந்தால் அது எரியும், அப்போது ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. அழுத்தம் விழுந்துவிட்டால் எஞ்சின் உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கிவிடும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டலாம் என்று நினைக்காமல் அங்கேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். அளவைத் தெரிந்துகொள்ள டிப்ஸ்டிக்தான் வழி. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருந்தால் சரி.

ஸ்கேனர் வாங்கலாமா?

வாங்கலாம். ஸ்டீயரிங்கிற்குக் கீழே, முழங்கால் படும் இடத்திற்கு அருகில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். இதுதான் ஓ.பி.டி. போர்ட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் இதன் இரண்டாம் கட்ட விதிகள் வந்தன. இ.எல்.எம். 327 வகை புளூடூத் ஸ்கேனரை இதில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனுடன் இணைக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் 1234 அல்லது 0000 கொடுத்துப் பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: பழைய வகை புளூடூத் ஸ்கேனர்கள் அதில் வேலை செய்யாது. வைபை அல்லது புளூடூத் எல்.இ. வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கோளாறு இருந்தால் பி0301 போன்ற ஒரு கோடு வரும். முதல் எழுத்து பி என்றால் எஞ்சின், கியர் பக்கம்; சி என்றால் பிரேக் போன்ற அடிப்பகுதி; பி0301 என்றால் முதல் சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று பொருள். ஏன் எரியவில்லை என்பதைக் கோடு சொல்லாது. பிளக், காயில், இன்ஜெக்டர் எதுவாகவும் இருக்கலாம். கோடைப் பார்த்ததும் பாகத்தை ஆர்டர் செய்யாதீர்கள்.

ஆப்பில் கோடுகளை அழிக்க ஒரு பட்டன் இருக்கும். கை துறுதுறுக்கும்! அழித்தால் விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். கோளாறு வந்த நேரத்தில் எஞ்சின் வேகம், சூடு என்ன என்று ஈ.சி.யு. சேமித்து வைத்திருந்த தகவலும் அதோடு போய்விடும். மெக்கானிக்கிற்கு உதவக்கூடிய ஒரே தடயம் அதுவாக இருக்கலாம். முதலில் ஸ்கிரீன் ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தப் போர்ட்டில் கார் அணைந்திருக்கும்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். ஸ்கேனரைச் செருகியே வைத்துவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது பேட்டரி இறங்கியிருக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

சென்சார் இல்லாத இடங்கள்

ஈ.சி.யு.வுக்குக் கண் கிடையாது. சென்சார் இருக்கும் இடத்தை மட்டுமே அதனால் உணர முடியும். உயிருக்கு மிக நெருக்கமான சில பாகங்களில் சென்சாரே இல்லை.

டயரை எடுத்துக்கொள்வோம். சாலையைத் தொடும் பகுதியில் உள்ள பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.தான் மிச்சம், டயரை மாற்றியே ஆக வேண்டும். தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். வயதை அப்படிப் பார்க்க முடியாது. ஓடாமல் நிற்கும் காரிலும் வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் விடும். குறைவாக ஓடிய கார் என்று நான் மகிழ்ந்து வாங்கியதில் இருந்த பொறி இதுதான். நான்கு இலக்கத் தேதி சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணோம் என்றால் குனிந்து உட்பக்கம் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டுகளைத் தாண்ட விடக்கூடாது. வெயிலில் நின்று நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அத்தனை ஆண்டுகூட அதிகம் என்பது என் கருத்து.

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது. மே மாதத் தார் ரோட்டின் சூடும் சேர்ந்தால் பழைய ரப்பர் தாங்காது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரி.

என் புதுக் காரில் டயர் பிரஷர் விளக்கு இருக்கிறதே என்கிறீர்களா? நல்லதுதான். ஆனால் சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. ஏ.பி.எஸ். சென்சாரை வைத்து எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, காற்று குறைந்திருக்கும் என ஊகிக்கிறார்கள். நான்கிலும் ஒரே அளவாகக் காற்று இறங்கினால் இந்த ஊகம் ஏமாந்துவிடலாம். எந்த வகையானாலும் ரப்பரின் வயது அதற்குத் தெரியாது.

அடுத்தது பிரேக் ஆயில். அளவு குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைக் கவனிக்க யாரும் இல்லை. டாட் 3 வகையில் புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி 140 டிகிரி என்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூட்டை எட்டுவது சாத்தியம்தான். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், பிரேக் பிடிக்காது, பெடல் தரையைத் தொடும். அதனால்தான் பல கம்பெனிகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. மலை இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர் என்று வைத்து எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துங்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. சென்சார் ஒழுங்காக வேலை செய்யும் இடத்தில் நாம் அதை ஏமாற்றுகிறோம். சீட் பெல்ட் போடாமல் அலாரத்தை மட்டும் நிறுத்த, பக்கிளில் செருகும் போலி கிளிப் விற்றார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகளுக்கு அவற்றை நீக்கும்படி உத்தரவிட்டது. உங்கள் காரில் அப்படி ஒன்று இருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள். பெல்ட் போட்ட உடலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது ஏர்பேக். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்தால், விரியும் ஏர்பேக்கே முகத்தில் அறையும்.

எக்செலில் ஓர் எச்சரிக்கை விளக்கு

சென்சார் இல்லாத பாகங்களுக்கு நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளக்கு செய்து வைத்திருக்கிறேன். எக்செலில் மூன்று காலம் போதும்: பாகம், மாற்றிய தேதி, கெடு தேதி. எக்செல் தேதிகளை நாள் எண்ணிக்கையாகவே வைத்திருப்பதால், பிரேக் ஆயில் மாற்றிய தேதியுடன் 730-ஐக் கூட்டினால் இரண்டு ஆண்டு கழித்து வரும் தேதி கிடைக்கும். ஆயிலுக்கு 365. டயருக்கு மட்டும் மாற்றிய தேதிக்குப் பதில், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்திலிருந்து தயாரித்த மாதத்தைக் கணக்கிட்டுப் போடுங்கள்.

இனி கெடு தேதிக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் லெஸ் தேன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் கட்டத்தில் சமக்குறி போட்டு, டுடே என்ற பங்ஷனை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் அடைப்புக்குறியைத் திறந்து மூடி ஓகே கொடுங்கள். கெடு தாண்டிய கட்டம் தானாகச் சிவப்பாகிவிடும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம்.

என் ஷீட்டில் முதல் வரிசை ஸ்டெப்னி காற்று. கெடு 30 நாள். இந்த ஸ்டெப்னி என்ற சொல், வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1900-களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனி அந்தத் தெருவில்தான் இருந்தது. இங்கிலாந்துக்காரர்களே மறந்துவிட்ட பெயரை நம் ஊர் பஞ்சர் கடைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.