34 டிகிரிதானே என்று இருந்துவிடலாமா? காரைக்கால் புழுக்கத்தின் ஆபத்து

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளில் 'தமிழகம், புதுவை மற்றும் காரைக்கால்' என்ற தொடர் நமக்கெல்லாம் மனப்பாடம். வெயில் காலத்தில் அதனுடன் இன்னொன்றும் வரும்: வெப்பமும் ஈரப்பதமும் அதிகமாக இருப்பதால் அசௌகரியம் ஏற்படலாம். காரைக்கால்காரர்கள் இதையே "என்னா புழுக்கம்!" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால், 'அசௌகரியம்' என்பது ரொம்ப மென்மையான சொல். புழுக்கம் உயிரையே பறிக்கக்கூடியது.

எப்படி?

நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்றும் அதை நெருங்கிவிட்டால், சூட்டைத் தணிக்க உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது; வியர்வை காய வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். அதுவே சட்டையை நனைத்துச் சொட்டினால், தண்ணீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம். கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் ஆறும் வாய்க்காலும் வயலுமாக இருக்கும் ஊரில் வியர்வை எங்கே காயும்? 'கடல் காத்து வந்தா சரியாயிடும்' என்போம். சூடு குறையும், உண்மைதான். ஆனால், அந்தக் காற்று ஈரத்தையும் கூடவே கொண்டுவரும்.

இதை அளக்க 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்று ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளப்பது. வெயில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் இது 26 டிகிரிதான். வெயில் வெறும் 34 டிகிரி, ஆனால் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 30 டிகிரி! மனித உடல் 35 வரை தாங்கும் என்று முன்பு கருதினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், லேசான வேலை செய்த ஆரோக்கியமான இளைஞர்களுக்கே 31 டிகிரியை ஒட்டி உடல் தடுமாறத் தொடங்கியது. முதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

ஆனால் கடலோரத்தில் 'வெப்ப அலை' என்று அறிவிக்க, வெயில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். 34 டிகிரி புழுக்கம் அந்தக் கணக்கிலேயே வராது. 2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் நடந்த விமான சாகசத்தைப் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தார்கள். அது கத்திரி வெயில் காலம்கூட இல்லை.

காரைக்காலில் ஆனி மாதம்தான் மாங்கனித் திருவிழா. வீதியெல்லாம் கூட்டம், கையில் குழந்தை, பக்கத்தில் பாட்டி. குறுவை வேலையும் அப்போதுதான். யாராவது திடீரென உளறினாலோ, தள்ளாடினாலோ 'பித்தம்' என்று விட்டுவிடாதீர்கள். வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. பலியானவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நாகப்பட்டினத்துக்கு அது பொருந்தும். பக்கத்திலேயே இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அந்த அரசாணை எல்லையோடு நின்றுவிடுகிறது.