பெட்டிக்குள் ஒரு ரொட்டிக்கடை

காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி என்று நம் வீடுகளில் ஒரு காலம் இருந்தது. பாலில் தோய்த்த இரண்டு துண்டு ரொட்டியை நோயாளியின் உணவாகவே பலரும் அறிந்திருந்தனர். இன்றோ காலைச் சிற்றுண்டியிலும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் டப்பாவிலும் ரொட்டி இடம் பிடித்துவிட்டது. அதன் அடுத்த படியாக, ரொட்டியை வீட்டிலேயே சுட்டுத் தரும் மின்சார இயந்திரமும் கடைகளுக்கு வந்துள்ளது. மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றை அளந்து போட்டுப் பொத்தானை அழுத்தினால், மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் சூடான ரொட்டி கிடைக்கும்.

இதை வாங்கலாமா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய இயந்திரம், செங்கல் போன்ற நான்கு ரொட்டிகளைத் தந்துவிட்டுப் பரணில் ஏறிவிடுவதும் உண்டு. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், விளம்பரத்தாளில் எதைக் கவனிக்க வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

பிசைவது எதற்காக?

கோதுமை மாவில் நீர் சேர்ந்ததும் அதிலுள்ள இருவகைப் புரதங்கள் ஒன்றுசேர்ந்து குளூட்டன் என்னும் பசைப் பொருளாகின்றன. பிசையப் பிசைய இது ரப்பரைப் போல் இழுபடும் வலையாக மாறுகிறது. புரோட்டாக் கடையில் மாவு உருண்டையை வீசி வீசி மெல்லிய துணிபோல் விரிக்கிறார்களே, அது கிழியாமல் இருப்பதற்குக் காரணம் இந்த வலைதான். அரிசி மாவில் குளூட்டன் இல்லை. ஆகவே அதை அப்படி விரிக்க முடியாது.

ஈஸ்ட் என்பது நுண்ணுயிர். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. இந்த வாயு குளூட்டன் வலைக்குள் சிக்கிக் குமிழிகளை ஊதுவதால் மாவு உப்புகிறது. இங்கே ஓர் இயற்பியல் செய்தி உண்டு. ஈஸ்ட் புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள குமிழிகளைத்தான் பெரிதாக்குகிறது!

காரணம் பரப்பு இழுவிசை. ஒரு குமிழியின் உள்ளே இருக்க வேண்டிய மிகை அழுத்தம் அதன் ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழிக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் மிகையாகத் தேவை. ஆரம் நூறு மடங்கானால் அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஒன்றுமில்லாத இடத்தில் குமிழி பிறப்பது அவ்வளவு கடினம். கரைந்திருக்கும் வாயு, பிசையும்போது மாவுக்குள் சிக்கிய காற்றுத் துளிகளையே தேடிச் சென்று சேர்கிறது. எனவே, ரொட்டியின் மென்மைக்குப் பாதி விதை பிசையும்போதே போடப்படுகிறது.

ஒசாகாவில் கற்ற பாடம்

இந்த இயந்திரம் பிறந்த நாடு ஜப்பான். 1980களின் நடுவில் ஒசாகாவைச் சேர்ந்த மட்சுஷிதா மின்சாரக் குழுமம் இதை உருவாக்க முயன்றபோது, ரொட்டியின் மேல்தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும், கைதேர்ந்த ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் பார்த்தனர். பயன் இல்லை. அங்குப் பணியாற்றிய இகுகோ தனாகா என்ற பெண்மணி ஒரு வழி சொன்னார். நல்ல ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் அவரே சென்று பழகினார். அந்த ரொட்டிக்காரர் மாவை அழுத்துவதோடு நிறுத்தாமல் முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கண்டுகொண்டார். அதன்பின் ஓராண்டு முயன்று, பாத்திரத்தின் உட்சுவரில் வரப்புப் போன்ற மேடுகளை அமைத்தனர். துடுப்பு சுழலும்போது மாவு இந்த மேட்டில் தடுக்கி நின்று முறுக்கேறி இழுபட்டது. அந்த இயந்திரம் 1987இல் சந்தைக்கு வந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் பாடம்: கடையில் மூடியைத் திறந்து பாத்திரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். சுவர் வழவழப்பாக இருந்தால் மாவு உருண்டை துடுப்போடு சேர்ந்து வெறுமனே சுற்றும். மேடுகளோ மூலைகளோ இருக்க வேண்டும். நீண்ட செவ்வகப் பாத்திரமானால் இரண்டு துடுப்புகள் இருப்பது நல்லது. ஒன்றே இருந்தால் ஓரங்களில் மாவு பிசையப்படாமல் தங்கக்கூடும்.

வாட் அதிகமானால் ரொட்டி நன்றாகுமா?

பெட்டியின்மேல் 500 வாட், 700 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். எண் பெரிதாயின் பொருள் உயர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

450 கிராம் மாவும் 300 கிராம் நீரும் சேர்த்த ரொட்டியை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 95 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 135 கிலோ ஜூல் வெப்பம் தேவை. வேகும்போது சுமார் 75 கிராம் நீர் ஆவியாவதாகக் கொண்டால், உள்ளுறை வெப்பமாக இன்னும் 170 கிலோ ஜூல் வேண்டும். ஆக மொத்தம் 305 கிலோ ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோ ஜூல் ஆகையால், இது யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாத்திரமும் பெட்டியும் சூடாவதாலும், வெப்பம் வெளியேறுவதாலும் நடைமுறையில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு செலவாகும். அப்போதும் அரை யூனிட்டுக்குள்தான். மின் கட்டணத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

மேலும், வெப்பநிலை உரிய அளவை எட்டியதும் கட்டுப்படுத்தும் கருவி மின்சாரத்தை நிறுத்தி, குறைந்ததும் மீண்டும் செலுத்துகிறது. வாட் கூடுதலானால் விரைவில் சூடேறும்; அவ்வளவே. ரொட்டியின் உட்பகுதியில் நீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றிய மேல்தோல் மட்டும் அதைத் தாண்டிப் பொன்னிறமாகிறது. வெப்பம் எல்லாப் பக்கமும் சீராகப் பரவினால்தான் ஒருபுறம் கருகாமல் இருக்கும். அதற்குத் தேவை கனமான அலுமினியப் பாத்திரம். கையில் தூக்கிப் பாருங்கள். தகரம்போல் லேசாக இருந்தால் வேண்டாம்.

வெளிநாட்டுப் பெட்டியா? எச்சரிக்கை!

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அன்போடு கொண்டுவரும் இயந்திரத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். 100 வோல்ட்டில் 500 வாட் தரும் சூடேற்றியின் மின்தடை 20 ஓம். அதை நம் சுவரில் செருகினால் என்னவாகும்? திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தது என்று பள்ளியில் படித்தோம். 230ஐ 230ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 2,645 வாட்! ஐந்து மடங்குக்கும் மேல். சில நொடிகளில் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை புகைந்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வாங்கலாம். ஆனால் இவ்வளவு திறனைத் தாங்கும் மின்மாற்றி கனமானது, விலையும் உண்டு. அதுவும் அதிர்வெண்ணை மாற்றாது. அமெரிக்காவில் நொடிக்கு 60 சுற்று, இங்கே 50. 60க்கென்று செய்த தூண்டல் வகை மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் '220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பிறகே செருகுங்கள். சிங்கப்பூர் இயந்திரமானால் இக்கவலை இல்லை. செருகி மட்டும் வேறு வடிவில் இருக்கும்.

நம் வெயிலும் நம் மாவும்

கோடையில் இட்லி மாவு சீக்கிரம் புளித்துப் பொங்கி வழிவதை யார்தான் அறியார்? ஈஸ்ட்டும் அப்படியே. இயந்திரத்தோடு வரும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த அடுக்களைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் அறையே 35 டிகிரியில் இருக்கும். போதாக்குறைக்கு, பிசையும்போது ஏற்படும் உராய்வும் மாவைச் சூடாக்குகிறது. நீரைத் துடுப்பால் கடைந்தே அதன் வெப்பநிலையை உயர்த்திக் காட்டிய ஜூலின் சோதனையை மாணவர்கள் நினைவுகொள்ளலாம். மாவு அளவுமீறி உப்பினால் குளூட்டன் வலை கிழிந்து, வேகும்போது ரொட்டியின் நடுப்பகுதி குழிவிழும். பரிகாரம் எளிது: குளிர்ந்த நீரைப் பயன்படுத்துங்கள், ஈஸ்ட்டைக் கால் பங்கு குறையுங்கள். நேரங்களை நாமே மாற்றி அமைக்கும் வசதியுள்ள இயந்திரமானால் மிக நன்று.

கடையில் கிடைக்கும் எல்லா மைதாவும் ஒன்றல்ல. ஒரு சோதனை செய்து பாருங்கள். 100 கிராம் மாவை நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் நீரில் மூழ்க வையுங்கள். பிறகு ஒரு மெல்லிய துணியின்மேல் வைத்து, நீரை ஊற்றி ஊற்றிக் கையால் கசக்குங்கள். மாவுச்சத்து வெண்மையாகக் கரைந்து ஓடும். நீர் தெளிந்த பின் கையில் எஞ்சும் ரப்பர் போன்ற உருண்டையே குளூட்டன். அதை நிறுத்துப் பாருங்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர். இரண்டு மூன்று கடை மாவுகளை இவ்வாறு ஒப்பிட்டு, மிகுதியாகத் தருவதைத் தேர்ந்தெடுங்கள். முழுக்கோதுமை மாவிலுள்ள தவிட்டுத் துணுக்குகள் வலையை அறுப்பதால், அந்த ரொட்டி சற்று அடர்த்தியாகவே இருக்கும். அது இயந்திரத்தின் குறையன்று.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்யும்? விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு தொடரும் இயந்திரங்கள் உண்டு. சில நிமிடங்கள் வரையா, அதற்கு மேலுமா என்று கேளுங்கள். மாவு உப்பும்போது மின்சாரம் நின்றால் பாதகமில்லை. வேகும்போது நின்றால்தான் சிக்கல்.

கொள்ளளவு என்ன? நான்கு பேருள்ள வீட்டிற்கு 500 முதல் 750 கிராம் ரொட்டி போதும். ஒரு கிலோ இயந்திரத்தில் கொஞ்சம் மாவைப் போட்டால் துடுப்புக்கு அது சரியாக அகப்படாது.

துடுப்பும் பாத்திரமும் தனியாகக் கிடைக்குமா? முதலில் தேய்பவை இவையே. ஒட்டாத பூச்சு உரிந்துவிட்டால் ரொட்டியைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு. உதிரிப் பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.

'இரவில் போட்டு வைத்தால் காலையில் ரொட்டி' என்ற வசதி இருக்கிறதா? இருந்தால் நல்லதே. ஆனால் பாலும் முட்டையும் சேர்க்கும் ரொட்டிக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். நம் வெப்பத்தில் அவை இரவுக்குள் கெட்டுவிடும்.

கடைசியாக உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: வாரத்தில் எத்தனை நாள் ரொட்டி சாப்பிடுகிறீர்கள்? ஒரு நாள் மட்டுமென்றால் தெருமுனைப் பேக்கரியே போதும். வாரம் மூன்று நான்கு முறை என்றால், அல்லது உப்பையும் சர்க்கரையையும் குறைத்து உண்ண வேண்டியவர் வீட்டில் இருந்தால், வாங்குவதில் பொருள் உண்டு. அப்படி வாங்கினால், முதல் ரொட்டி சரியாக வரவில்லையென்று மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு முறையும் மாவின் எடை, நீரின் அளவு, அறையின் வெப்பநிலை மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பத்தாவது ரொட்டிக்குள் உங்கள் வீட்டுக்கும், உங்கள் ஊர் வெயிலுக்கும் ஏற்ற அளவு உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.