துருவேறி இறுகிய மரைகளைத் தளர்த்தும் முறை

சங்கத்தின் பொதுச் சொத்தாகவோ, அங்கத்தினர் சிலர் கூடி வாங்கிய பொருளாகவோ கிராமங்களில் உள்ள பழைய எண்ணெய் எஞ்சின்களும், பம்புகளும், கரும்பு ஆலைகளும் பல ஆண்டுகள் உழைத்த பின் ஒரு சிறு பழுதினால் நின்றுவிடுவதுண்டு. பழுதடைந்த உறுப்பின் விலை சொற்பமாகவே இருக்கும். ஆனால் அவ்வுறுப்பை வெளியே எடுக்க முடியாதபடி துருவேறிய மரை ஒன்று வழிமறித்து நிற்கும். அவசரக்காரர் ஒருவர் சாவியின் பிடியில் நீண்ட குழாயைச் செருகித் தம் பலம் முழுவதையும் செலுத்துவார். போல்ட்டு முறியும், அல்லது அதைத் தாங்கிய வார்ப்பிரும்புக் காது உடைந்து விழும். வார்ப்பிரும்பு உடைந்தால் அதை ஒட்டுவது எளிதன்று. பயிர் கதிர் ஈனும் சமயத்தில் நீர் நின்றுபோவதும், கடன் தவணை நிலுவையில் நிற்கையிலேயே இயந்திரம் பழைய இரும்பின் விலைக்குப் போவதும் பெரும்பாலும் இவ்விதம் நேர்வனவே. ஆகவே இவ்வேலையின் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

இறுகுவதன் காரணம்

இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்து துருவை உண்டாக்குகின்றன. துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். போல்ட்டின் புரிக்கும் மரையின் புரிக்கும் நடுவேயுள்ள இடைவெளியோ மயிரிழை அளவே. அவ்விடத்தில் துரு வளர்ந்ததும் இரண்டும் ஆப்பு அடித்தாற்போல் நெருக்குண்டு நின்றுவிடுகின்றன. இந்தத் துருவை உடைத்து, உடைந்த பொடி வெளியேற வழி செய்வதே இங்குள்ள வேலை. பலத்திற்கு இதில் இரண்டாம் இடமே உண்டு.

சாவியின் அளவு

சரியான சாவியைத் தேர்ந்துகொள்வது முதற் காரியம். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரிலிருந்து 1929-இல் வெளிவரத் தொடங்கிய லிஸ்டர் சி.எஸ். எஞ்சின் போன்ற பழைய ஆங்கில இயந்திரங்களில் விட்வொர்த் புரியே வழங்கி வந்தது. இது ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-இல் வகுத்த முறை. இதில் சாவியின் மேல் பொறித்துள்ள அளவு போல்ட்டின் குறுக்களவைக் குறிக்குமேயன்றி, மரையின் அகலத்தைக் குறிக்காது. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டின் பழைய அளவு மரை, எதிர்ப் பக்கங்களுக்கிடையே 0.92 அங்குலம், அதாவது சுமார் 23.4 மில்லிமீட்டர் அகலமுள்ளது. இதற்கு 24 மில்லிமீட்டர் சாவியை மாட்டினால் அது சற்றே ஆடும். அந்த ஆட்டமே மரையின் மூலைகளை வழித்துவிடும். மூலை வழிந்த மரையைப் பிறகு எந்தச் சாவியும் பற்றாது. இந்த எஞ்சின்களின் சாயலில் ராஜ்கோட் முதலிய இடங்களில் செய்யப்பட்டவை எல்லாம் ஒரே அளவினவல்ல. ஆகையால் அளந்து பார்த்த பின்பே சாவியை எடுக்க வேண்டும்.

திருப்ப வேண்டிய திசையையும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். சாணைச் சக்கரம் சுழலும் தண்டின் இடப்புற மரை போன்ற சில இடங்களில் புரி இடமாக ஓடும். போல்ட்டை நிமிர்த்திப் பார்க்குங்கால் புரி வலப்பக்கம் ஏறினால் வழக்கமான புரி. இடப்பக்கம் ஏறினால் மாறுபுரி. மாறுபுரி என்று அறியாமல் தளர்த்த முயல்பவர் மேலும் இறுக்கியவராவார்.

எண்ணெயும் பொறுமையும்

வெளியே தெரியும் புரியிலுள்ள மண்ணையும் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றுக. பின்பு இறுகிய இடங்களுக்கென்றே கடைகளில் விற்கும் ஊடுருவும் எண்ணெயை விடுக. அது கிடையாவிடில் மண்ணெண்ணெயில் மெல்லிய இயந்திர எண்ணெயைக் கலந்து விடலாம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகத் தடித்துவிடுமாதலால் இதற்கு உதவாது. காலையும் மாலையும் சில துளிகள் விட்டு, இரண்டு மூன்று நாட்களேனும் ஊற விடுதல் வேண்டும். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த இயந்திரமானால் இரண்டு வாரம் ஊறினாலும் மிகையன்று.

எண்ணெய் விடுந்தோறும் மரையின் பக்கங்களைச் சிறு சுத்தியலால் பலமுறை தட்டுக. எதிர்ப்புறத்தில் கனமான இரும்பொன்றை முட்டுக் கொடுத்தால் அடி வீணாகாது. தட்டும் அதிர்ச்சியால் துரு விரிசல் கண்டு, எண்ணெய் உள்ளே இறங்கும். வார்ப்பிரும்பின் மேல் மாத்திரம் நேரே அடிக்கலாகாது.

திருப்பும்போது முதலில் மிகச் சிறிதளவு இறுக்கிப் பார்க்க வேண்டும். இது விபரீதமாகத் தோன்றினும், துருவின் பிடி பல சமயங்களில் அப்போதுதான் விடும். மரை அசைந்தவுடன் ஒரே மூச்சில் கழற்றிவிடக் கூடாது. அரைக்கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி பாதி இறுக்கி, எண்ணெய் விட்டு, இன்னும் சிறிது தளர்த்துக. இவ்வாறு செய்தால் துருப்பொடி வெளியேறும். அன்றேல் பொடி புரியில் சிக்கி மீண்டும் இறுகும்.

சூடேற்றுதல்

எண்ணெயால் ஆகாதபோது நெருப்பின் உதவியை நாடலாம். ஓர் அங்குல அகலமுள்ள எஃகை 300 டிகிரி சென்டிகிரேடு அதிகமாகச் சூடேற்றினால் அது சுமார் 0.09 மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடியை விடுவிக்க இதுவே பல வேளைகளில் போதும். ஊதுவிளக்கின் சுடரை மரையின் மேல் மட்டும் காட்டுக. போல்ட்டும் சேர்ந்து சூடேறினால் பயனில்லை. சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியைப் புரியின் ஓரத்தில் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு வழுவழுப்பைத் தரும்.

இதில் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. விட்ட எண்ணெயை முற்றும் துடைத்து, எண்ணெய்த் தொட்டியை அப்பால் அகற்றி, மணல் வாளியை அருகில் வைத்துக்கொண்ட பின்பே சுடரை ஏற்ற வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள மரையைச் சூடேற்றினால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். மூடிய குழல்களைச் சூடேற்றினால் அவை வெடிக்கக் கூடும். சுட்ட வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது பிளக்கும். பிஸ்டன் தண்டின் போல்ட்டுகளை ஒருபோதும் நெருப்பில் காட்டலாகாது. அவை சுட்டால் பலம் இழந்து, ஓட்டத்தில் அறுந்து எஞ்சினையே நாசமாக்கும். தவறிச் சுட்டுவிட்டால் புதியவற்றையே போட வேண்டும்.

மரையை இழப்பதும் இலாபமே

இவை யாவும் பலிக்காவிடில், மரையை உளியால் பிளந்தோ வாளால் அறுத்தோ எடுத்துவிடுக. மரை ஒன்றின் விலை சிறிது. அதைக் காப்பாற்றப்போய் வார்ப்பை உடைத்துக்கொள்வது புத்திசாலித்தனமன்று. போல்ட்டு வார்ப்பின் உள்ளேயே முறிந்து நின்றால் அங்கேயே வேலையை நிறுத்தி, அதன் சரிநடுவில் துளையிட்டு எடுக்கத் தெரிந்த தொழிலாளியை அழைத்து வர வேண்டும். துளை கோணலானால் வார்ப்பின் புரியும் கெடும்.

மீண்டும் பூட்டுங்கால் புரிகளைத் துப்புரவாக்கி, கிராபைட் கலந்த கிரீஸைத் தடவுக. பூட்டி வைத்த இயந்திரமாயினும் ஆண்டிற்கொருமுறை வெளி மரைகளுக்கு எண்ணெய் விட்டு வருதல் நலம். மழைக்காலத்திற்கு முன் இதைச் செய்து, செய்த தேதியைச் சங்கத்தின் சாமான் பதிவேட்டில் குறித்து வைப்பது காரியதரிசிகளின் பொறுப்பாக இருக்கலாம். இயந்திரம் இனி உதவாது, ஏலம் விடுவோம் என்று நிர்வாக சபையார் தீர்மானிப்பதற்கு முன், ஒரு புட்டி எண்ணெயையும் பதினைந்து நாள் பொறுமையையும் அதற்குச் செலவிட்டுப் பார்ப்பார்களாக. அங்கத்தினர் பலர் காசு சேர்த்து வாங்கிய பொருளுக்கு அவ்வளவேனும் செய்தல் கடமையாகும்.