மீட்டர் பலகை – 7: ஆறு சுற்று தள்ளினால் தெரிந்துவிடும்

மீட்டர் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தை நெம்பாமல் திருப்பிக் கழற்றுவது வரை போன வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் டயலுக்கு வர்ணம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது தள்ளிப்போகிறது, காரணம் டயலில் இருக்கும் ஓர் எண். ஸ்மித்ஸ் நிறுவனத்து ஸ்பீடோமீட்டர்களின் டயலில், பொடி எழுத்தில் அது இருக்கும்: 1184 என்பது போல. மாடல் எண் என்று நினைத்துப் பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை. டயலைப் புதிதாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களோ அதன் மேலேயே கறுப்பு அடித்துவிடுகிறார்கள். அந்த மீட்டரின் ஜாதகமே அந்த எண்தான். வண்டி ஒரு மைல் ஓடும்போது மீட்டர் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை அது சொல்கிறது. கிலோமீட்டர் டயலாக இருந்தால் கிலோமீட்டருக்கான சுற்று. ஆகவே என் கட்சி இதுதான்: மீட்டரைச் சீரமைப்பது என்றால் முதலில் கணக்கைச் சரிசெய்வது, முகத்தை அழகுபடுத்துவது அதற்கு அப்புறம்.

இந்தத் தொடரில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1962-ல் வந்த வண்டி. அதே டிரையம்பின் ஹெரால்டு காரின் சேஸியைக் குறுக்கி அதன்மேல் கட்டியது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயமும் ஓடியது. எனவே இது நமக்கு அந்நிய வண்டி அல்ல, சித்தப்பா வீட்டுப் பிள்ளை. மீட்டரின் உள்ளேயும் மர்மம் ஏதுமில்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, ஆனால் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்ற கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து அதையும் கூடவே இழுக்கிறது. மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை கேட்ட ஏற்பாடு இது. ஓடிய தூரத்தை எண்ணும் சக்கரங்களுக்கோ காந்தமும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம். அதே தண்டிலிருந்து வெறும் பல்சக்கரங்கள்.

இந்தப் பிரிவினையை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தூரம் சரியாக ஏறி, முள் மட்டும் தப்பாகக் காட்டினால் கோளாறு காந்தத்திலோ ஸ்பிரிங்கிலோ: காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும், கேபிள் கிரீஸ் ஏறிக் கிண்ணத்தில் ஒட்டினால் கூட்டிக் காட்டும். தூரமே தப்பென்றால் டயர், கியர், அல்லது வேறு வண்டியின் மீட்டர். எது என்று அறிய ஒரு வழி உண்டு, இந்த வாரம் என்னைக் கட்டிப்போட்டது அதுதான். மீட்டர் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் ஒரு காகிதத் துண்டை முள் போல ஒட்டுங்கள். வண்டியை நியூட்ரலில், நேர்கோட்டில், பின்சக்கரம் ஆறு சுற்று வரும் வரை தள்ளுங்கள். காகிதம் எத்தனை முறை சுற்றியது என்று ஒருவர் எண்ண வேண்டும். அதை 1680-ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரை வரையுள்ள அங்குலத்தால் வகுத்தால் மைல் டயலில் இருக்க வேண்டிய எண் வந்துவிடும். காகிதம் 8 சுற்று, உயரம் 11.35 அங்குலம் என்றால் 13,440-ஐ 11.35-ஆல் வகுக்க, 1184! 1680 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம்; ஆறு சுற்றுக்கு வண்டி நகர்வது ஆரத்தைப் போல ஏறக்குறைய 37.7 மடங்கு, வகுத்துப் பாருங்கள். இன்னொரு கொசுறு: மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே கேபிளை நிமிடத்துக்கு 1184 சுற்று சுற்றினால் முள் 60-இல் நிற்க வேண்டும். ஒரு டிரில் மெஷினும் சுற்றெண்ணும் கருவியும் இருந்தால் மேஜை மேலேயே முள்ளின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

நம் திருவண்ணாமலை போன்ற ஊரில் இதற்கெல்லாம் ஆள் ஏது, மீட்டர் வேலை என்றால் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்புவதுதானே என்பது முதல் ஆட்சேபம். காந்தத்துக்கு வலுவேற்ற அனுப்பத்தான் வேண்டும். ஆனால் எதைச் சரிசெய்யச் சொல்லி அனுப்புகிறோம் என்பதை வண்டி நிற்கும் தெருவிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஓட்டிச் சரிபார்க்கக் கிரிவலப் பாதை இருக்கிறதே, 14 கிலோமீட்டர், என்பார்கள். 155/80 டயர் இருந்த 13 அங்குலச் சக்கரத்தில் 145/80 டயர் போட்டால் அந்த 14 கிலோமீட்டர், மீட்டரின் கணக்கில் 14.4 ஆக ஏறும். பக்தர்கள் சொல்லும் 14 முழுமையாக்கிய எண், அந்த 0.4-ஐ அதை வைத்துப் பிடிக்க முடியாது. நடப்பவர்கள் நடுவே கார் ஓட்டி அளப்பதும் அழகல்ல. செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் வரிசையாகக் கிலோமீட்டர் கற்கள் நிற்கின்றன. பத்துக் கல் தாண்டினால் போதும்.

கைபேசி வேகத்தைத் துல்லியமாகச் சொல்லும்போது முள் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். கைபேசியை வைத்து முள்ளைச் சரிபார்க்கலாம், தாராளமாக. ஆனால் அது சொல்வது கைபேசியின் வேகம். கேபிள் தேய்ந்ததையும் கியர் மாறியதையும் முள்தான் காட்டிக்கொடுக்கும். சற்றுக் கனமான ஆட்சேபம் மைல் பற்றியது: நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது, டயலையும் மாற்றினால் என்ன? மாற்றலாம், உள்ளே தூரம் எண்ணும் பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுவதானால். வெறுமனே கிலோமீட்டர் எழுதிய டயலை ஒட்டினால், மேலே முள் கிலோமீட்டரில் பேசும், கீழே எண்கள் மைலில் ஏறும். வாங்க வருகிறவரை ஏமாற்ற இதைவிட எளிய வழி இல்லை. கண்ணாடி ஓரத்தில் 30, 40, 50 மைலுக்கு நேரான கிலோமீட்டரைச் சிறு சீட்டில் எழுதி ஒட்டுவது எவ்வளவோ மேல்.

வர்ணமும் வெள்ளை எழுத்தும் அடுத்த வாரம் கட்டாயம் வரும். அதற்குள் கை துறுதுறுக்கிறவர்கள், டயலில் தூரிகை வைக்கும் முன் அந்தச் சின்ன எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.