உழைத்தவர் மறைந்தபின்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் சமவெளி உழைப்பின் விளைநிலம் ஆகும். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகளின் ஓசை இடையறாது கேட்கும். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் தொலைநாடுகளுக்குச் செல்லும். நாமக்கல், சங்ககிரி லாரிகள் பாரதத்தின் நெடுஞ்சாலைகளில் இரவும் பகலும் ஓடும். இத்தொழில்கள் பல்லாயிரவர்க்கு வாழ்வளிப்பன. எனினும் அவற்றுள் உயிர்க்கு இடரும் உண்டு.

பொருளீட்டச் சென்ற ஓட்டுநர் ஒருவர் வழியில் விபத்துற்று இறந்தால், அவர் குடும்பத்தின் நிலை யாதாகும்? அழுகை ஓயுமுன்னரே வீட்டு வாடகையும், பள்ளிச் செலவும், கடனும் வாயிலில் வந்து நிற்கும். அக்குடும்பம் முதலாளியின் இரக்கத்தை நாடி நிற்பதா? உரிமையோடு உதவி பெறுவதா? இவ்வினாவிற்கு விடை காண உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று.

1855ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட உயிரிழப்பு விபத்துச் சட்டம் வழக்குத் தொடுக்க வழி செய்தது. ஆயின், பிறர் தவற்றால் மரணம் நேர்ந்தது என்பதைக் குடும்பத்தினரே மெய்ப்பித்தல் வேண்டும். எளியோர்க்கு இஃது எங்ஙனம் இயலும்? தொழிலின் பயனைப் பெறுவோர் அதன் இடரையும் ஏற்றல் வேண்டும் என்னும் புதிய கொள்கை பின்னர்த் தோன்றியது. ஜெர்மனி 1884ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 1897ஆம் ஆண்டிலும் அதனைச் சட்டமாக்கின. இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 1924ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் வகுத்த கணக்கு எளியது. இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, அவர் வயதிற்குரிய எண்ணால் பெருக்குதல் வேண்டும். 40 வயதிற்குரிய எண் 184.17 ஆகும். மாதம் 12,000 ரூபாய் ஊதியம் பெற்றவர் அவ்வயதில் இறப்பின், 6,000 ரூபாயை அவ்வெண்ணால் பெருக்க, 11,05,020 ரூபாய் வரும். வயது குறையக் குறைய எண் கூடும். இளைஞர் இழந்த வாழ்நாள் மிகுதி அன்றோ!

அச்சட்டத்தில் அமைந்த காப்புகள் மூன்று கருதத்தக்கவை. இழப்பீட்டை முதலாளி குடும்பத்தினர் கையில் நேரே கொடுத்துவிடுதல் போதாது. அதற்குரிய அரசு அதிகாரியிடம் செலுத்துதல் வேண்டும். துயரில் ஆழ்ந்திருக்கும் பெண்ணிடம் சிறுதொகை தந்து கையொப்பம் பெற்று அனுப்பிவிடாமல் இம்முறை காக்கிறது. உரிமையை விட்டுக் கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. கடன் கொடுத்தோர் இத்தொகையைப் பற்றிக் கொள்ளுதலும் இயலாது. மேலும், மரணம் நேர்ந்தவிடத்துத் தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுத்தல் ஆகாது. தந்தையின் பிழைக்காகப் பிள்ளைகள் பட்டினி கிடத்தல் அறமாகுமோ?

ஆலைத் தொழிலாளர்க்கு 1948ஆம் ஆண்டில் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. அதில் சேர்ந்தவர் பணிவிபத்தால் இறப்பின், அவரது சராசரி ஊதியத்தில் 100க்கு 90 பங்கு குடும்பத்திற்கு உரியதாகும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் கணக்கிடப்படும். கூட்டுத்தொகை மிகின் விகிதப்படி குறைக்கப்படும். வருங்கால வைப்புநிதியில் சேர்ந்தோர் பணிக்காலத்தில் இயற்கையாக இறப்பினும், 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம் மனைவிக்கும் மக்களுக்கும் துணைநிற்கிறது. நாடாளுமன்றம் 2020ஆம் ஆண்டில் இத்தகைய சட்டங்களைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பாக ஒருங்கிணைத்தது.

சட்டம் ஏட்டில் இருப்பதனால் மட்டும் அடுப்பில் உலை கொதித்துவிடாது. விசைத்தறிக்கூடத்தில் பெயர் பதியப்பெறாமல் உழைப்பவர் இறந்தால், அங்கே பணிபுரிந்ததற்குச் சான்று தேடிக் குடும்பம் அலைய நேரும். ஆதலின், ஊதியச் சீட்டு, உறுப்பினர் எண், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றை உயிரோடிருக்கும்போதே செம்மையாகப் பதிந்து வைத்தல் வேண்டும். கல்வி கற்ற மாணவர், தம் இல்லத்தாரிடமும் அயலாரிடமும் இவற்றைக் கேட்டறிந்து, படிவங்களைப் படித்துக் காட்டித் துணைபுரிதல் கடமையாகும். கற்ற கல்வி பிறர் கண்ணீரைத் துடைக்கும்போதே பயனுடையதாகின்றது.