பிளேஸ்டேசன் நினைவக அட்டை

பிளேஸ்டேசன் நினைவக அட்டை என்பது சோனி நிறுவனத்தின் முதலாவது பிளேஸ்டேசன் நிகழ்பட ஆட்டக் கருவியில் பொருத்தி, ஆட்டத்தின் முன்னேற்றத்தைச் சேமிக்க உதவும் துணைக்கருவி ஆகும். இது தனியாக விற்கப்பட்டது. அட்டை இல்லாமலும் ஆட முடியும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில், கருவியை அணைத்ததும் அதுவரை கடந்த நிலைகள் அனைத்தும் அழிந்துவிடும்.

பின்னணி

1980களில் பல ஆட்டங்கள் ஒரு கடவுச்சொல்லைத் திரையில் காட்டின. ஆடுபவர் அதைத் தாளில் குறித்துவைத்து அடுத்த முறை உள்ளிட வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் பயனில்லை. வேறு சில ஆட்டங்களின் கார்ட்ரிட்ஜுக்குள் சிறிய மின்கலத்துடன் கூடிய நினைவகம் இருந்தது. 1990 இல் வெளிவந்த நியோ ஜியோ கருவி தனி நினைவக அட்டையைப் பயன்படுத்தியது.

பிளேஸ்டேசன் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது. இதன் ஆட்டங்கள் குறுவட்டில் வந்தன. அக்குறுவட்டைப் படிக்க மட்டுமே முடியும், அதில் எழுத முடியாது. கருவிக்குள்ளும் முன்னேற்றத்தைச் சேமிக்க இடமில்லை. எனவே அட்டை தேவையாயிற்று.

அமைப்பு

அட்டையின் கொள்ளளவு 128 கிலோபைட்டு. இது 8 கிலோபைட்டு அளவுள்ள 16 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் தொகுதியில் எந்தச் சேமிப்பு எங்குள்ளது என்னும் அட்டவணை இருக்கும். மீதமுள்ள 15 தொகுதிகளே பயனருக்குரியவை. ஓர் ஆட்டத்தின் சேமிப்பு ஒரு தொகுதியையோ பல தொகுதிகளையோ எடுத்துக்கொள்ளலாம். அட்டை நிரம்பினால் பழைய சேமிப்பு ஒன்றை அழிக்க வேண்டும், அல்லது வேறு அட்டை வாங்க வேண்டும்.

கருவியில் இரண்டு அட்டைச் செருகுவாய்கள் உண்டு. குறுவட்டு இல்லாமல் கருவியை இயக்கினால் வரும் திரையில், ஓர் அட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் சேமிப்புகளைப் படியெடுக்கலாம்.

தரவு இழப்பு

இவ்வட்டை பிளாஷ் நினைவகத்தைக் கொண்டது. ஆகவே மின்கலம் இல்லாமலே தரவு நிலைத்திருக்கும். இதே காலத்தில் வந்த நிண்டெண்டோ 64 கருவியின் கன்ட்ரோலர் பேக்கில் மின்கலம் இருந்தது. அது தீர்ந்தால் சேமிப்புகளும் மறைந்துவிடும். எனினும் பிளாஷ் நினைவகமும் அழிவற்றது அன்று. சேமிக்கும்போது அட்டையை எடுத்தாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ தரவு சிதையக்கூடும்.

தொலைந்த குறுவட்டுக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். அட்டையிலுள்ள சேமிப்போ ஒருவர் பல மணி நேரம் ஆடி உருவாக்கியது, வேறெங்கும் கிடைக்காது. எனவே பழைய அட்டை வைத்திருப்போர், தகுந்த இணைப்பான் மூலம் அதைக் கணினியில் படியெடுத்து வைக்கின்றனர். ஓர் அட்டையின் முழுப் படி 1,31,072 பைட்டு மட்டுமே.